விலாசம் விசாரிக்க வந்தவன்

இலட்சுமி பாம்புக்குப் பயப்படமாட்டாள், பேய்க்கும் பயப்படமாட்டாள். ஒருமுறை யானை வளவுக்குள் வந்து வாழைக்குட்டிகளை முறித்துத் தின்றபோதுகூட, "பசிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவள். அவளுடைய ஈரக்குலையை நடுங்க வைக்கிறது ஒன்றே ஒன்றுதான். முன்பின் தெரியாத ஒருவன் வந்து பெயர் விசாரிப்பது.

பெயரைச் சொன்னால் ஊரைக் கேட்பான். ஊரைச் சொன்னால் வீட்டில் எத்தனை பேர் என்பான். அதற்குப் பிறகு அவன் கேட்கிறதெல்லாம் கேள்வியாகவே இருக்காது. இது இலட்சுமி பள்ளிக்கூடத்தில் படித்த பாடமில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு லொறியேறி வன்னிக்கு வந்த தகப்பன் பாதி சொல்லிக்கொடுத்தார், மிச்சத்தை அவள் தானே பட்டுப் படித்தாள்.

அப்படிப்பட்டவளுடைய மகள் தனுஷா, மூன்று மாதமாக விடிய எழும்பி முகம் கழுவி, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் இங்கிலீசில். தலையை நிமிர்த்திப் பெயர், ஊர், படிப்பு, என்ன விருப்பம், என்ன தெரியும், ஐந்து வருடத்தில் எங்கே இருப்பேன் என்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்வாள். குசினிக்குள் பிட்டு அவிக்கிற இலட்சுமிக்கு இங்கிலீசு விளங்காது. 'தர்மபுரம்' என்ற ஊர்ப் பெயர் மட்டும் விளங்கும். அது காதில் விழுந்ததும் வேலிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.

"மெல்லச் சொல்லு பிள்ளை."

"மெல்லச் சொன்னால் வேலை தரமாட்டினம் அம்மா" என்பாள் மகள்.

அதுவும் உண்மைதான். தனுஷா நாலு வருடம் கம்பஸில் வணிக முகாமைத்துவம் படித்தவள். நல்ல புள்ளியோடு சித்தியடைந்தவள். படித்து முடித்து ஒன்றரை வருடம் வீட்டில். பதினாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, மூன்று இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று இடத்திலும் ஒரே கதை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ என்றார்கள். பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், நிறுத்திவிட்டாள். வேறு என்று கேட்டார்கள். வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தாள். அறிவிக்கிறோம் என்று அனுப்பினார்கள். அறிவிக்கவேயில்லை.

பிறகுதான் கிளிநொச்சி ரவுணில் பட்டதாரிகளுக்கு வேலைத்திறன் பழக்குகிற வகுப்பொன்றில் சேர்ந்தாள். அங்கே படிப்பிக்கிற கௌசலா, வவுனியாக்காரி. வங்கியிலே பதினொரு வருடம் ஆட்களை வேலைக்கு எடுத்த அனுபவம். வாய் கொஞ்சம் காரம். முதல் நாளே அவா சொன்னதைத் தனுஷா வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள்.

"உங்களுக்குப் பாடம் தெரியாதெண்டு ஆரும் வேலை தராமல் விடேல்லை. சந்தைப்படுத்தல் எல்லாம் கரைச்சுக் குடிச்சிருக்கிறியள். ஆனால் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லு மறுமொழி சொல்லிப்போட்டுக் கீழை பாக்கிறியள். முப்பது பேரும் ஒரே மாதிரி. உங்களை விசாரணைக்கோ கூப்பிட்டவை?"

வகுப்பில் எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டே வந்து சட்டென்று ஓய்ந்து போனார்களாம்.

இலட்சுமிக்கு அந்தக் கதை கேட்கச் சிரிப்பு வரவில்லை. கீழே பார்க்கப் பழக்கியது ஆர்? அவள்தான். தனுஷாவுக்கு அப்போது ஒன்பது வயது. வவுனியாப் பக்கத்து முகாமில், கூடாரத்து வாசலில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். ஆர் கேட்டாலும் பெயரை மட்டும் சொல்லு. அண்ணையைப் பற்றிக் கேட்டால் தெரியாது. முகத்தைப் பார்க்காதே. ஒரு சொல்லுக்கு மேலே சொல்லாதே. பிள்ளை கெட்டிக்காரி, ஒருமுறை சொல்லக் கிரகித்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பாடத்தை இலட்சுமி ஒரு கிழமை பிந்தித்தான் சொல்லிக்கொடுத்தாள். அதற்கு முதல் கிழமை, சிவில் உடுப்பில் இரண்டு பேர் கூடாரத்துக்கு வந்தார்கள். அதில் ஒருவன் நல்ல தமிழ். முகத்திலே அப்படி ஒரு அமைதி. பொக்கற்றிலிருந்து ஒரு படத்தை எடுத்து, "அம்மா, இவர் உங்கட மகனோ?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் எடுத்த படம், மூத்தவன் கிருபன். புருசன் நல்லதம்பி செல் பட்டுப் போய் இரண்டு மாதமாகவில்லை. அவ்வளவு நாளும் ஒருவரும் அவளை அம்மா என்று கூப்பிட்டு மரியாதையாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் பிள்ளை எவ்வளவு வடிவாயிருக்கிறான் என்று பார்த்து, வாய் நிறைய, "ஓம் தம்பி, என்ர மூத்தவன்" என்றாள். தண்ணி வரிசையில் நின்றவனைக் கையைக் காட்டியும் விட்டாள். விசாரித்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் விடுகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கிருபனுக்கு அப்போது பதினெட்டு. இப்போது இருந்தால் முப்பத்துநாலு.

இப்படியிருக்க, தை மாதக் கடைசியில் தனுஷாவுக்கு வேலை சரிவந்தது. டிராக்டரும் மருந்தடிக்கிற மெசினும் விற்கிற கொம்பனி ஒன்று, கிளிநொச்சியில் கிளை திறந்திருந்தது. வாடிக்கையாளரோடு கதைக்கிற வேலை. நேர்முகத்தில் பதினொரு நிமிடம் தன்னைப் பற்றித் தானே கதைத்தாளாம். கடிதம் வந்த அன்று தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். கடிதம் முழுக்க இங்கிலீசு. அதன் அடியில் ஒரு வரி இருந்தது: தந்த விலாசத்துக்கு ஆள் வந்து விசாரித்து உறுதிப்படுத்தின பிறகுதான் நியமனம் செல்லும். இந்த வரியைத் தனுஷா தாய்க்குச் சொல்லவில்லை. விசாரிக்க ஆள் வரும் என்று சொன்னால் அம்மா சாப்பிடாது, படுக்காது, வேலிக்கரையிலேயே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். வருகிறவர்கள் எப்படியும் தனக்குத்தானே முதலில் போன் எடுப்பார்கள் என்று நினைத்துவிட்டாள். பாவம், தாயைக் காப்பாற்றப் பார்த்தவள்.

மாசி மாதம். விடியப் பனி மூடிக் கிடந்து, ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் முதுகைச் சுடுகிற காலம். பரமலிங்கத்தின் தோட்டத்தில் கச்சான் அறுவடை. ஆம்பிளைகள் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் குவிக்க, வேப்பமர நிழலில் சாக்கு விரித்து இலட்சுமியும் இன்னும் ஆறு பெண்டுகளும் இருந்து கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மண் ஈரமாயிருந்தால் கச்சான் இலேசாகக் கழன்று வரும். வெயில் ஏற ஏறக் காம்பு இறுகி விரல்நுனியை அறுக்கும். மரத்துக்கு மேலே குரங்குக் கூட்டம் ஒன்று, எப்போது எழும்பிப் போவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணித் தேத்தண்ணி வந்தது. அன்னபாக்கியம், அறுபத்தெட்டு வயது, வாய் ஓயாதவள், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இலட்சுமியைச் சீண்டினாள். மகள் இனிக் கந்தோர்க்காரி, அடுத்த போகத்துக்கு நீ கச்சான் ஆய வருவியோ, குடை பிடித்துக்கொண்டு வரம்பில் நிற்பியோ என்று. இலட்சுமி வெட்கத்தோடு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, வாய்க்கால் ஓரத்தில் மோட்டார்சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

இறங்கினவனுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். நீலச் சேட், சப்பாத்து, தோளில் கறுப்புப் பை. ஹெல்மெற்றைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வரம்பு வழியே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். பெண்டுகளின் கதை தானாக நின்றது. பரமலிங்கம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

வந்தவன் மரியாதையாகத்தான் கேட்டான். இங்கே நல்லதம்பி என்பவருடைய வீடு எது என்று.

"எந்த நல்லதம்பி?" என்றார் பரமலிங்கம். "உந்தப் பேரிலை கனபேர் இருந்தவை. இப்ப ஒருத்தரும் இல்லை. தம்பி எந்த இடம்?"

"செட்டிகுளம் ஐயா."

அந்த ஊர் என்ன பாவம் செய்தது! ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் இலட்சுமி ஆய்கிற கையை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கத்து முகாமில்தான் அவளுடைய ஒரு மணித்தியாலம் இன்னும் முடியாமல் கிடக்கிறது.

வந்தவன் போனை எடுத்துத் தட்டி ஒரு படத்தை முன்னால் நீட்டினான். இந்தப் பிள்ளையைத் தெரியுமோ, பெயர் தனுஷா என்றான். பரமலிங்கம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள், தலையாட்டினாள். அன்னபாக்கியம் போனைக் கையில் வாங்கித் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, "எங்கட கண்ணுக்கு உதெல்லாம் விளங்காது மோனை" என்று கொடுத்துவிட்டாள். ஊசி கோர்க்கிற கண் அவளுக்கு.

பிறகு அவன் இலட்சுமிக்கு முன்னால் குந்தினான். "நீங்கள் ஒருக்காப் பாருங்கோ அம்மா."

பார்த்தாள். கறுப்புக் கோட்டுப் போட்டு, தலைமயிரை வாரிக் கட்டி, நேரே அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் பெற்ற பிள்ளை. விடியத்தான் இரண்டு பிட்டும் சம்பலும் தின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் போச்சென்று வகுப்புக்கு ஓடினது. அந்தப் பிள்ளையின் படம் எப்படி இவன் கையில்? இவனும் அம்மா என்கிறான். இவன் முகமும் அமைதியாகத்தான் இருக்கிறது.

"தெரியுமோ அம்மா?"

"தெரியாது."

"நல்லாப் பாருங்கோ. இந்த ஊர் விலாசம்தான் தந்திருக்கிறா."

"இஞ்சை அப்பிடி ஒரு பிள்ளை இல்லை."

சொல்லிவிட்டுக் குனிந்து கச்சானை ஆய்ந்தாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள்தான் தாய் என்று அந்தத் தோட்டத்தில் தெரியாத ஆள் அவனும் மரத்திலிருந்த குரங்குகளும்தான். ஆனாலும் பாருங்கள், ஒரு கண் அசையவில்லை, ஒரு வாய் தவறவில்லை. அந்த ஊர்ச் சனத்துக்கு இதை ஒருவரும் வகுப்பு வைத்துப் பழக்கவில்லை.

அவன் எதையோ எழுதிக்கொண்டான். நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மோட்டார்சைக்கிள் சத்தம் மறைந்தபிறகுதான் பரமலிங்கம் மெல்லச் சொன்னார். "நீ வீட்டை போ இலட்சுமி. ஒழுங்கையாலை போகாதை, வயலுக்குள்ளாலை போ."

வயலுக்குள்ளால் ஓடினாள். ஓடிக்கொண்டே மகளுக்குப் போன் எடுத்தாள். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் குரல் ஒன்று சொன்னது. வகுப்பில் போனை நிறுத்துகிறது வழக்கம், அது இலட்சுமிக்கும் தெரியும். தெரிந்தென்ன, நெஞ்சு கேட்டால்தானே? பிடித்துவிட்டார்களோ? பிடித்திருந்தால் ஏன் இங்கே வந்து தேடுகிறார்கள்? வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் பிள்ளை தன் பெயரையும் படத்தையும் கடதாசி ஒற்றையில் அடித்து அனுப்பினாளே, அப்போதே பிடித்து நிறுத்தாமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகக் கொடியில் காய்ந்த மகளின் உடுப்பை உருவினாள். வாசலில் கிடந்த செருப்பை எடுத்தாள். சுவரில் கம்பஸ் பட்டமளிப்புப் படம், தொப்பியும் அங்கியுமாய். அதைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். சைக்கிளைப் பின்வளவுக்கு உருட்டிக்கொண்டு போய் வைக்கோலுக்குள் தள்ளினாள். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது என்று சொல்ல ஒரு சாமானும் வெளியே கிடக்கவில்லை. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு குசினி மூலையில் குந்தினாள்.

நினைத்தது சரி. அரை மணித்தியாலம் கழியவில்லை, மோட்டார்சைக்கிள் வந்தது. ஆரோ கடைத்தெருவில் கையைக் காட்டியிருக்க வேண்டும். படலை கிறீச்சிட்டது. நாய் குரைத்தது.

"வீட்டுக்காரர்... வீட்டுக்காரர்..."

இலட்சுமி சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். அடுப்பில் காலைச் சாம்பல் இன்னும் சூடாயிருந்தது. பலகைச் சுவரின் நீக்கலால் பார்த்தாள். அவன் முற்றத்தில் நின்று வீட்டைப் படமெடுத்தான். முன்பக்கம் ஒன்று. கிணற்றடிப் பக்கம் போய் ஒன்று. பிறகு படலையடியில் நின்று எவருக்கோ போனில் சொன்னது அவளுக்குத் துலக்கமாகக் கேட்டது. "ஓம், வீடு இருக்கு. ஆள் இல்லை. அப்பிடி ஒராளே இல்லையாம்."

அவன் போய் நெடுநேரமாகியும் இலட்சுமி எழும்பவில்லை. கால் விறைத்துப் போயிற்று. ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில், சத்தியமாய்ச் சொல்கிறேன், சின்ன ஆறுதல் ஒன்று இருந்தது. இந்தமுறை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

தனுஷா நாலரை மணி பஸ்ஸில் வந்தாள். பஸ் நிற்கிற சந்தியிலிருந்து அழுதுகொண்டே நடந்து வந்திருக்கிறாள். இலட்சுமி கதவைத் திறந்து, பிள்ளையை உள்ளே இழுத்து, தலை முகம் கை எல்லாம் தடவிப் பார்த்தாள். முழுசாக வந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்கவே மறந்துபோனாள்.

"இண்டைக்கு ஆராவது வந்தவையோ அம்மா?"

"வந்தவன். நீ பயப்படாதை. நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

தனுஷா தாயின் கையை விலக்கிவிட்டுக் கதிரையில் இருந்தாள். கொம்பனியிலிருந்து போன் வந்ததாம். நீங்கள் தந்த விலாசத்தில் அப்படி ஒராளும் இல்லை, அயலவர் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், பொய் விலாசம் தந்திருக்கிறீர்கள், நியமனத்தை நிறுத்தியிருக்கிறோம் என்றார்களாம். வந்தவன் புலனாய்வுமில்லை, ஒரு மண்ணுமில்லை. வேலைக்கு எடுக்கிறவர்களின் வீடுவாசலைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறவன்.

இலட்சுமிக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கினபிறகும் நம்ப மனமில்லை.

"அப்பிடித்தான் சொல்லுவினம் பிள்ளை. அண்ணைக்கும் விசாரிச்சிட்டு விடுறம் எண்டுதானே சொன்னவை."

"ஆர் அம்மா கடைசியாய்த் தெரியாதெண்டு சொன்னது? பரமலிங்கம் மாமாவோ?"

இலட்சுமி அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"நீங்களோ?"

"நான்தான்."

தனுஷா சுவரைப் பார்த்தாள். படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. எழும்பிப் போய்க் கொடியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், சைக்கிள் நின்ற இடத்தைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது குரல் உயரவில்லை. அதுதான் இலட்சுமியை வெட்டியது.

"எனக்கு இருபத்தைஞ்சு வயசு அம்மா. ஒன்பது வயசிலை இருந்து தெரியாது, இல்லை, ஒண்டுமில்லை எண்டு சொல்லிச் சொல்லி எனக்கே என்னைத் தெரியாமல் போட்டுது. மூண்டு மாசமாய் நாக்குக் கிழியப் பழகி, இஞ்சை ஒருத்தி இருக்கிறாள் எண்டு இப்பதான் சொல்லத் தொடங்கினனான். நான் உயிரோடை இருக்கிறன் எண்டு நீங்கள் சொல்லாட்டி வேறை ஆர் சொல்லுறது?"

அன்று அந்த வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. சோற்றுக்குத் தண்ணி ஊற்றி வைத்தார்கள்.

அடுத்த நாள் கௌசலா கொம்பனியோடு கதைத்தா. இந்தப் பகுதிச் சனத்தின் பயம் இன்னதென்று கொழும்பில் இருக்கிறவர்களுக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்ததாம். கடைசியில் ஒரு தவணை தந்தார்கள். வியாழக்கிழமை காலையில் அதே ஆள் திரும்ப வருவார். தாய் நேரில் நின்று உறுதிப்படுத்தி, படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அயலவர் இரண்டு பேரும் வைக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர்.

மூன்று நாள். இலட்சுமி முதல் நாள் முழுக்க மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டு திரிந்தாள். படிவமாம், கையெழுத்தாம், வீட்டுப் படமாம். பிள்ளை வீட்டிலிருந்து கோழி வளர்க்கட்டும், தையல் பழகட்டும், உயிரோடு கண் முன்னால் இருந்தால் போதும் என்றாள். தனுஷா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பதை விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் விடிய அந்த அமைதியில் பிட்டு அவிக்க இலட்சுமியால் முடியவில்லை. அடுப்பை நூர்த்துவிட்டுப் பரமலிங்கம் வீட்டுக்கு நடந்தாள்.

பரமலிங்கத்துக்குத் தர்மசங்கடம். வாயால் எத்தனை தரமும் சொல்லுவேன், கையெழுத்து மட்டும் கேட்காதே என்றார். கையெழுத்தென்றால் நாளைக்கு ஏதும் பிரச்சினை வந்தால் முதலில் தேடி வருவது அவரைத்தானாம். சூடு கண்ட பூனை, அவரைக் குறை சொல்லி என்ன? அன்னபாக்கியம் மட்டும் உடனே ஒத்துக்கொண்டாள். "என்னைக் கொண்டுபோனால் அவைக்குத்தான் சோத்துச் செலவு" என்றாள். பிறகு இலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகிடியை நிறுத்தி, வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மோட்டார்சைக்கிள் வந்தது. பரமலிங்கமும் வந்திருந்தார், வெள்ளைச் சேட்டுப் போட்டு. பேனையும் கொண்டுவந்திருந்தார். ஒருவரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

வந்தவனுடைய பெயர் பிரதாபன். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்டைக்கு நீங்கள்தானே அம்மா தெரியாதெண்டு சொன்னது" என்றான். கோபமில்லை, சலிப்புத்தான். தானும் முகாமைத்துவம்தான் படித்ததாகச் சொன்னான். வேலையில்லாமல் இருந்து, இதே மாதிரி ஒரு வகுப்புக்குப் போய், நன்றாகக் கதைக்கிறாய் என்று இந்த வேலையைத் தந்தார்களாம். இப்போது ஊர் ஊராகப் போகிறான், ஒருவரும் அவனோடு கதைக்கிறார்களில்லை.

படிவத்தை விரித்தான். தனுஷா தாய்க்குப் பின்னால் கதிரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இலட்சுமி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"இவா உங்கட மகளோ?"

ஒரு சொல்தான். பதினாறு வருடமாக அந்தச் சொல்லைச் சொல்லாதிருந்தால் பிள்ளை இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து அழுத சொல். முற்றத்தில் எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். இலட்சுமி தலையை நிமிர்த்தி, வந்தவனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "என்ர பிள்ளை."

அவன் எழுதினான். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்றான், சொன்னாள். சகோதரர் ஒருவர் என்று மகள் போட்டிருக்கிறா, அவர் எங்கே என்றான். "கூட்டிக்கொண்டு போனவை, விடேல்லை" என்றாள் இலட்சுமி. பிரதாபன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு கோடு போட்டான். அன்னபாக்கியம் வைத்தாள், பரமலிங்கம் வைத்தார். இலட்சுமி எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

எழுதிவிட்டு ஒற்றையைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொல்லிப்போட்டன். இனி நான் ஒண்டு கேக்கட்டோ தம்பி?"

"கேளுங்கோ அம்மா."

"முந்தியும் ஒருக்கா இப்பிடித்தான் ஓம் எண்டு சொன்னனான். அண்டைக்கு ஒரு துண்டு எழுதி வாங்க எனக்குத் தெரியேல்லை. அவனைத் தேடிப் போற போற கந்தோரிலையெல்லாம் அதைத்தான் கேக்கினம், எழுத்திலை என்ன இருக்கெண்டு. என்னட்டை ஒண்டுமில்லை. அதாலை, இவளைத் திருப்பி விடுவியள் எண்டு நீங்கள் எனக்கு எழுதித் தாங்கோ."

தனுஷாவின் முகம் வெளிறிப்போயிற்று. அம்மா, இவர் கொம்பனி ஆள்கூட இல்லை என்றாள் மெல்ல. பிரதாபனும் எனக்கு அதற்கு அதிகாரமில்லை அம்மா என்றான். பார்த்த பார்வையில் அவனுக்குக் கொஞ்சம் பயமும் இருந்தது.

"அப்ப என்ர கையெழுத்தை வெட்டிவிடுங்கோ."

வெட்டினால் வேலை போச்சு. பட்டியலில் அடுத்த பெயர். அது இலட்சுமிக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் ஒற்றையைப் பிடித்திருந்தாள், விரல் வெளுக்க. தனுஷா தாயைப் பார்த்தாள். உள்ளே போனாள். கொப்பியில் ஒற்றை கிழிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதிரைக் கையில் வைத்து எழுதினாள். திகதி, அனுப்புநர், பெறுநர், விடயம் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, மேற்படி தனுஷா வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தாயாரிடம் திரும்பி வந்து சேருவார் என்று நாலு வரி. கௌசலா படிப்பித்த அத்தனையும் அந்த ஒற்றையில் இருந்தது. பிரதாபனிடம் நீட்டினாள்.

அவன் இரண்டு முறை வாசித்தான். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. பெயரை எழுதி, அடையாள அட்டை இலக்கம் போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தான். இலட்சுமி வரிவரியாக விரலை வைத்து வாசித்தாள்.

"மணி போடேல்லை" என்றாள்.

அவன் கைமணிக்கூட்டைப் பார்த்து, மூலையில் பத்து நாற்பது என்று எழுதினான். இலட்சுமி தலையாட்டி ஒற்றையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது நீங்கள் கையெழுத்து வைச்ச மணி தம்பி. இவளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுற மணியைப் போடுங்கோ."